தரைத்தளம் மூழ்கும், மேல்தளம் சிறையாகும்: காலநிலைத் திட்டம் யாருடைய உடலுக்கு?

2022 நவம்பர் 27 அன்று சென்னை மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் பலர் அன்றுதான் கடல் அலையைக் கிட்டத்தில் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற பாதை அது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் அந்தப் பாதை சேதமடைந்தது. பிறகு சரிசெய்தார்கள்.

கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான் இருக்கிறது. வங்கக் கடலில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் புயல் உருவாகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, பருவமழையின் நடுவில் திறக்கப்பட்ட பாதை முதல் புயலையே தாங்கவில்லை என்றால் என்ன பொருள்? மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டம் ஒரு மேசையில் போடப்படுகிறது, காலநிலைக்கான திட்டம் இன்னொரு மேசையில் போடப்படுகிறது என்று பொருள். இரண்டு மேசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

இந்த இரண்டோடு மூன்றாவது மேசை ஒன்றும் இருக்கிறது, அது சாதி. காலநிலை சுற்றுச்சூழல் துறையின் கோப்பு. ஊனம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கோப்பு. சாதி ஆதிதிராவிடர் நலத்துறையின் கோப்பு. ஆற்றங்கரைக் குடிசையில் வாழும், நடக்க இயலாத ஒரு தலித் பெண் இந்த மூன்று கோப்புகளிலும் இருக்கிறார். ஆனால் அவரை முழு மனுஷியாகப் பார்க்கும் கோப்பு எதுவுமில்லை. மழை அவரிடம் கோப்பு வாரியாக வருவதில்லை, ஒரே இரவில் மொத்தமாக வருகிறது.

எண்ணிக்கை சொல்வது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அதாவது மக்கள்தொகையில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் 2.45 சதவீதமாக உயர்கிறது. இது பார்க்கச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் பிறப்பில் உடல்கள் சாதி பார்த்து ஊனமாவதில்லை என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கர்ப்பத்தில் கிடைக்காத சத்துணவிலிருந்து, தாமதமாகக் கிடைத்த மருத்துவத்திலிருந்து, பாதாளச் சாக்கடையிலிருந்து, கல்குவாரியிலிருந்து, சூளையிலிருந்து வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைச் சுத்தம் செய்ய மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் யார், எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் நகரத்துக்குப் பேரிடர். அவர்களுக்கு அது வேலை, வேலை வழியே வரும் நோய், நோய் வழியே வரும் ஊனம். சாதி நம்மைத் தாழ்ந்த நிலத்தில் குடிவைப்பதோடு நிற்பதில்லை, உடலையும் உடைக்கிறது. பிறகு அந்த உடைந்த உடலோடு தாழ்ந்த நிலத்திலேயே வெள்ளத்தைச் சந்திக்கச் சொல்கிறது.

பாதுகாப்பு என்ற பெயரில் இடப்பெயர்வு

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. ஆற்றங்கரை ஆபத்தானது, மக்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பதே சொல்லப்பட்ட காரணம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி வழியில் இதுவும் நகரத்தின் தென்கோடியில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது.

ஆற்றங்கரை ஆபத்தானது என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து ஓலைக் குடிசைக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது? பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அடையாற்றின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுதளம் போகிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதி பல பத்தாண்டுகளாகக் குப்பைக் கிடங்கு. அவை எல்லாம் வளர்ச்சி, குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு. இது நமக்குப் பழகிய கணக்குதான்.

பழகாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாக்கத்தில் கட்டப்பட்டவை தரைத்தளமும் ஏழு மாடிகளும் கொண்ட கட்டடங்கள். இடம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்துக்குத் தென்சென்னையின் மழைநீரெல்லாம் வந்து சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். செம்மஞ்சேரியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுவது பருவமழைச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது.

இப்போது நடக்க இயலாத ஒருவருக்கு இங்கே எந்த வீட்டைக் கொடுப்பீர்கள்?

தரைத்தளம் கொடுத்தால் அன்றாடம் வெளியே போய்வரலாம். ஆனால் தண்ணீர் முதலில் வருவது அங்கேதான். மேல்தளம் கொடுத்தால் தண்ணீர் வராது. ஆனால் லிஃப்ட் நின்றால் அவர் கைதி. மழையில் தண்ணீர் ஏறினால் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவது, அது பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியதும்கூட. அந்த நிமிடமே லிஃப்ட் நிற்கும். மோட்டார் நிற்கும். மாடியில் குடிக்கவும் கழுவவும் தண்ணீர் இருக்காது.

களப்பணியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு கால்களும் செயலிழந்தவர். முன்பு ஆற்றங்கரையில் இருந்தார், இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். அவர் சொன்னது இது: “அங்க தண்ணி வந்தா பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேரு தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடிடுவாங்க தம்பி. இங்க அஞ்சு மாடி யாரு தூக்குவா? பக்கத்து வீட்டுல யாருன்னே இன்னும் சரியாத் தெரியாது.”

எந்தப் பொறியியல் வரைபடத்திலும் இல்லாத ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி அவர் பேசுகிறார். நாலு பையன்கள், பெயர் தெரிந்த பக்கத்து வீடு, கடனுக்கு மருந்து தரும் கடை, நடக்கும் தூரத்தில் வேலை. சேரியை இடித்து மக்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு தளங்களுக்குப் பிரித்துப் போடும்போது இந்த ஏற்பாடும் இடிகிறது. நடப்பவர்கள் இதை மூன்று, நான்கு ஆண்டுகளில் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். படி இறங்க முடியாதவர் எப்படிக் கட்டிக்கொள்வார்?

1920 ஜனவரியில் வந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில் பாபாசாகேப் அம்பேத்கர் சாதிச் சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத, பல மாடிகள் கொண்ட கோபுரத்துக்கு ஒப்பிட்டார். ஒரு மாடியில் பிறந்தவர் அதே மாடியில் சாக வேண்டும் என்பது அதன் பொருள். நூறு ஆண்டு கழித்து, லிஃப்ட் ஓடாத எட்டடுக்குக் கட்டடத்தில் நம் மக்கள் அதைச் சிமெண்டிலேயே பார்க்கிறார்கள்.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது

இதெல்லாம் கருணை காட்டிச் செய்ய வேண்டியது அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 8-ஆவது பிரிவு பேரிடரைப் பற்றியது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் பணிகளில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும். மாவட்ட ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் பதிவேட்டைப் பராமரித்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகுந்த முறையில் தெரிவிக்க வேண்டும். பேரிடருக்குப் பிந்தைய மறுகட்டுமானம் மாநில ஆணையருடன் கலந்தாலோசித்து, அணுகல் வசதிகளோடு நடக்க வேண்டும்.

37-ஆவது பிரிவு வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கூடாது என்கிறது 44-ஆவது பிரிவு. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 5 சதவீத ஒதுக்கீடு வீட்டைத் தருகிறது, அந்த வீடு எந்த நிலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. சாய்தளம் சரியான சரிவில் இருக்கலாம், கழிப்பறையில் கைப்பிடி இருக்கலாம். ஆனால் அந்தச் சாய்தளம் போய் இறங்கும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அணுகல் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பெரிய வெற்றி அது. அந்தப் பேருந்து நிற்கும் நிறுத்தம் வரை போவதற்கான தெரு, மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் கிடந்தால்? 2022 அக்டோபரில் அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தில் விழுந்து கண்பார்வை உள்ள இளம் பத்திரிகையாளர் ஒருவரே உயிரிழந்தார். வெள்ளத்தைத் தடுக்கத் தோண்டிய பள்ளம் அது. வெள்ளைக் கோலோடு அந்தத் தெருவில் நடப்பவரை யார் நினைத்தார்கள்?

எச்சரிக்கை, முகாம், நிவாரணம், வெயில்

புயல் நாளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கிறார்கள், காது கேளாதவருக்கு அது வெறும் ஆட்டோ. மழை வரைபடத்தைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பார்வையற்றவரின் கைபேசி அதைப் “படம்” என்று மட்டும் வாசிக்கும். முகாமாகத் திறக்கப்படும் பள்ளிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வாசலில் ஐந்து படி. கழிப்பறை உட்கார்ந்து எழ முடியாத வகை. மனநலப் பாதிப்புள்ள மகனை முந்நூறு பேர் படுத்திருக்கும் கூடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தாய் முகாமுக்கே போவதில்லை. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்து முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டது பதிவான வரலாறு. முகாம் வாசலில் சாதியும் படியும் சேர்ந்தே நிற்கின்றன.

நிவாரணத்துக்கு வருவோம். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியே, டோக்கன் கொடுத்துத் தரப்பட்டது. கடை வரை போக முடியாதவர் யாரையாவது கெஞ்ச வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளில் ஊனம் ஓரிடத்தில் வருகிறது. பேரிடரில் கை, கால், கண் இழந்தால் 40 முதல் 60 சதவீத ஊனத்துக்கு 74,000 ரூபாய், அதற்கு மேல் 2.5 லட்சம். அதாவது ஊனம் என்பது பேரிடர் உண்டாக்கும் சேதம். ஏற்கெனவே மாற்றுத்திறனாளியாக இருப்பவருக்கு வெள்ளம் என்ன சேதம் செய்கிறது? சக்கர நாற்காலியின் பேரிங் துருப்பிடிக்கிறது. காது கேட்கும் கருவி நனைந்து போகிறது. செயற்கைக் கால் உப்பிப் பிளக்கிறது. வலிப்பு மாத்திரை கரைகிறது. மாட்டுக்கும் படகுக்கும் இழப்பீட்டு வரி இருப்பதுபோல இவற்றுக்கும் தனி வரி வேண்டும். ஒருவருடைய சக்கர நாற்காலி அவருடைய கால்.

வெள்ளத்தில் கேமரா வருகிறது, வெயிலில் அதுவும் வருவதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்ல முடிவு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு உடலின் பெரும்பகுதியில் வியர்வை சுரக்காது, உடல் சூடு இறங்காது. மனநல மருந்துகள் சில, உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கின்றன. இவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ, மரமில்லாத மறுகுடியமர்வு வளாகத்தின் மேல்தளத்திலோ, மே மாதம் மதியம் கரண்ட் இல்லாமல் படுத்திருக்கிறார்கள். நிழற்பந்தலும் மோர்ப்பந்தலும் தெருவுக்கு வர முடிந்தவர்களுக்குத்தான்.

இயக்கங்களுக்கும் ஒரு கேள்வி

இது அரசு மட்டும் செய்த பிரிவினை அல்ல. தலித் இயக்க மேடைகளில் வெள்ளமும் இடப்பெயர்வும் நில உரிமையாகப் பேசப்படுகின்றன, அது சரி. மாற்றுத்திறனாளி இயக்க மேடைகளில் சாய்தளமும் பேருந்தும் ஓய்வூதியமும் பேசப்படுகின்றன, அதுவும் சரி. சூழலியல் கூட்டங்களில் ஏரியும் சதுப்புநிலமும் பேசப்படுகின்றன. ஐந்தாவது மாடியில் இருக்கும் அந்த அக்கா இந்த மூன்று மேடைகளிலும் ஏறியதில்லை. பல மேடைகளுக்குச் சாய்தளமே இல்லை.

உலக அளவிலும் நிலைமை இதுதான். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாரிஸ் ஒப்பந்தத்தின் 192 உறுப்பு நாடுகளில் 35 மட்டுமே தங்கள் காலநிலை உறுதிமொழிகளில் மாற்றுத்திறனாளிகளைக் குறிப்பிட்டிருப்பதாகக் கண்டது. ஐ.நா. பேரிடர் குறைப்பு அலுவலகத்தின் 2023 கணக்கெடுப்பில் பங்கேற்ற மாற்றுத்திறனாளிகளில் 84 சதவீதம் பேரிடம் பேரிடருக்கான தனிப்பட்ட திட்டம் எதுவும் இல்லை. திட்டங்களில் “நலிந்த பிரிவினர்” என்று ஒரு வரி வரும். பெண்கள், முதியோர், குழந்தைகள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள் என்று காற்புள்ளி போட்டு அடுக்கியிருப்பார்கள். அந்தக் காற்புள்ளிகளுக்கு இடையில்தான் நம் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

“இரண்டு சதவீதம் பேருக்காக நகரத்தையே மாற்றிக் கட்டுவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜெனரேட்டர் உள்ள லிஃப்ட் கர்ப்பிணிக்கும் பயன்படும், மாரடைப்பு வந்த தாத்தாவுக்கும் பயன்படும். மேடுபள்ளம் இல்லாத நடைபாதை தள்ளுவண்டிக்காரருக்கும் வேண்டும். எளிய படங்களோடு வரும் எச்சரிக்கையை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் நான் இந்த வாதத்தோடு நிற்க மாட்டேன். யாருக்கும் பயன்படாமல் ஒருவருக்கு மட்டும் பயன்பட்டாலும் அது அவருடைய உரிமை. பெரும்பான்மைக்குப் பயன்பட்டால்தான் உரிமை என்றால் நமக்கு எந்த உரிமையும் கிடைத்திருக்காது.

என்ன செய்யலாம்?

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-இல் முடிகிறது. மூன்றாவது திட்டத்துக்கான வேலைகள் நடக்கின்றன. அடுத்த இருபது ஆண்டுக்கு யார் எங்கே வாழ்வார்கள் என்பதை இந்தத் திட்டம் முடிவு செய்யும். அதில் இந்தக் கோரிக்கைகள் இருக்க வேண்டும்:

மறுகுடியமர்வு, மக்கள் வாழும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் நடக்க வேண்டும். சதுப்புநிலத்திலும் ஏரி உபரிநீர்ப் பாதையிலும் இனி ஒரு குடியிருப்பும் கூடாது. ஏற்கெனவே கட்டியவற்றில் தரைத்தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டு, முதல் தளத்துக்குச் சாய்தளம் அமைத்து, நடக்க இயலாதவர்களுக்கு அங்கே வீடு தர வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் வெள்ளமட்டத்துக்கு மேலே வைத்த ஜெனரேட்டரில் ஓடும் ஒரு லிஃப்டாவது வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிரிக்காமல் ஒரே தளத்தில் குடியமர்த்த வேண்டும்.

மாணவத் தோழர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் செலவில் ஒரு தகவல் உரிமை மனு. கேட்க வேண்டியவை:

1. 8-ஆவது பிரிவின்படி மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் பதிவேடு உள்ளதா? கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? (எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர் வேண்டாம்.)

2. நிவாரண முகாம்களாகக் குறிக்கப்பட்ட கட்டடங்களில் சாய்தளமும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் எத்தனையில் உள்ளன?

3. மறுகுடியமர்வு குடியிருப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய வீடுகள் எந்தெந்தத் தளத்தில் உள்ளன?

4. அங்குள்ள ஒவ்வொரு லிஃப்டும் கடந்த ஓராண்டில் எத்தனை நாள் ஓடவில்லை? மாற்று மின்வசதி உண்டா?

பதிலை வாங்கிக்கொண்டு வார்டு பகுதி சபைக்குப் போங்கள். போகும்போது அந்தக் குடியிருப்பில் வாழும் மாற்றுத்திறனாளிகளை அழைத்துப் போங்கள், அவர்களே பேசட்டும். சபை மாடியில் நடக்கிறது என்றால் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவே முதல் கோரிக்கை.

காலநிலையைத் தாங்கும் நகரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கரண்ட் போன இரவில், மழை நிற்காதபோது, ஐந்தாவது மாடியில் இருக்கும் நடக்க இயலாத ஒருவர் யாரையும் கெஞ்சாமல் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்? அந்த எண்ணைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வோம்.

ஜெய் பீம்.